கமாரோவின் பின் ஆக்சில்: பழைய காருக்குப் புதிய பலம்

1966 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரோலே கமாரோ, ‘மசில் கார்’ என்ற பெயருக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வண்டி. அதன் எஞ்சின்களுக்குப் பேர்போன பலம் உண்டு. அந்தப் பலத்தைச் சாலைக்குக் கொண்டுசேர்க்கும் பின்பகுதிதான் வலுக்குறைந்தது. 1967 முதல் 1969 வரையிலான முதல் தலைமுறைக் கமாரோவைப் புதுப்பிப்பவர்கள் பலரும் பின் சஸ்பென்ஷனிலும் ஆக்சிலிலும் கைவைப்பது இதனால்தான்.

இந்தக் காரின் பின் ஆக்சில், லாரிகளில் இருப்பதைப் போன்ற ஒரே முழு உருப்படி. நடுவில் கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்கள், இருபுறமும் ஷாஃப்ட்டுகளை மூடிய குழாய்கள். இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகள் இதைத் தாங்குகின்றன. அவை வண்டியின் எடையைச் சுமக்கின்றன. ஆக்சில் முன்பின் நகராமலும் பக்கவாட்டில் விலகாமலும் பிடிக்கின்றன. எஞ்சின் தரும் முறுக்கையும் தாங்குகின்றன. இந்த நான்கு வேலையையும் 1967 கமாரோவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை செய்தது.

சிக்கல் அங்கே தொடங்குகிறது. சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலும்போது, அதே முறுக்கு ஆக்சில் ஹவுசிங்கை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். பினியனின் மூக்கு மேலே எழும். ஸ்பிரிங் வளைந்து நெளியும். ஒரு கட்டத்தில் டயர் பிடிப்பை இழக்க, ஸ்பிரிங் சட்டென்று நிமிரும். டயர் மறுபடி பிடிக்கும். ஸ்பிரிங் மறுபடி வளையும். நொடிக்குப் பல தடவை இது நிகழும்போது பின்சக்கரங்கள் தரையில் குதிக்கின்றன. வேகம் கிடைப்பதில்லை, பற்களும் ஷாஃப்ட்டும் அடிவாங்குகின்றன.

செவ்ரோலே நிறுவனமே இதற்கு மருந்து தேடியது. 1967-ல் பலம் மிகுந்த சில வகைகளில், ஆக்சிலையும் பாடியையும் இணைக்கும் கம்பி ஒன்று வலப்பக்கம் சேர்க்கப்பட்டது. 1968-ல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்று ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் பொருத்தப்பட்டன. வலிமையான வகைகளுக்குப் பல பட்டைகள் கொண்ட ஸ்பிரிங் வந்தது. இன்றைய மேம்பாடும் இதே வழியில்தான் தொடங்குகிறது. ஒற்றைப் பட்டையைக் கழற்றிப் பல பட்டை ஸ்பிரிங், கெட்டியான புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் போடுவது முதல் படி. ஆக்சில் திரும்புவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் பார் அடுத்த படி. ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

அதற்கும் மேலே போவோர் லீஃப் ஸ்பிரிங்கையே நீக்கிவிட்டு, நான்கு கம்பிகள் ஆக்சிலைப் பிடிக்கும் ஃபோர் லிங்க் அமைப்புக்கு மாறுகிறார்கள். எடையைச் சுருள் ஸ்பிரிங் சுமக்கும். முறுக்கைக் கம்பிகள் தாங்கும். ஒவ்வொரு வேலைக்கும் தனி உறுப்பு இருப்பதால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடுவது குறைகிறது. ஆனால் இதற்கு அடித்தளத்தில் வெட்டும் வெல்டிங்கும் தேவைப்படலாம். கமாரோவின் பின்பாதியில் தனிச் சட்டம் இல்லை, பாடியே சட்டம். துருப்பிடித்த தகட்டில் இந்த வேலை நிற்காது.

அடுத்தது ஆக்சில். கமாரோவில் 10 போல்ட், 12 போல்ட் என இருவகை வந்தன. ஆக்சிலின் நடுப்பகுதி மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையே பெயர். 10 போல்ட்டின் கிரவுன் 8.2 அங்குலம், 12 போல்ட்டினுடையது 8.875 அங்குலம், எனவே வலுவானது. இரண்டிலும் ஷாஃப்ட்டை உள்முனையில் ஒரு சிறு கிளிப் பிடித்திருக்கிறது; ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடக்கூடும். 1957-ல் அறிமுகமான ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலைச் செவ்ரோலே காரிலும் பலர் பொருத்துவதற்கு இது ஒரு காரணம். அதில் ஷாஃப்ட் வெளிமுனையில் பிடிக்கப்படுகிறது. பினியனுக்குக் கூடுதலாக ஒரு பேரிங் உண்டு. கியர்த் தொகுதி முன்பக்கமாகத் தனியே கழன்று வரும். பற்களின் உராய்வில் சற்று அதிக சக்தி வீணாவது அதன் குறை.

கியர் விகிதமும் இந்தக் கட்டத்தில் முடிவாக வேண்டும். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.73, பினியன் 10 பல் என்றால் 4.10. எண் கூடினால் புறப்படும் வேகம் கூடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். 26 அங்குல டயர், நேரடி டாப் கியர் கொண்ட வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகையில், 3.08 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,470 முறை சுழலும், 4.10 என்றால் சுமார் 3,290. இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்கைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் இந்த நேரத்திலேயே போடத் தக்கது.

பொருத்தும்போது அளவே எல்லாம். ஆக்சிலின் அகலம் டயருக்கும் பாடிக்கும் ஒத்துவர வேண்டும். பினியன் மூக்கு முடுக்கத்தில் எழும் என்பதால், லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அதைச் சில டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். ஆக்சில் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் ஜாயிண்ட்டும் மாறலாம். பிரேக்கும் புதிய பலத்துக்கு ஈடாக இருக்க வேண்டும்.

புதிய கியர்களை முதலில் மென்மையாக ஓட்டிச் சூடேற்றி ஆறவிட்டு, சுமார் 800 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுவது வழக்கம். லீஃப் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் அப்போது மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய ஸ்பிரிங் படிந்து உட்காரும்போது அவை தளரும்.