ரெண்டு நூல் இடைவெளி: தோட்டத்து மர மேடையை நான் ரெண்டு தடவை போட்ட கதை

இந்த எபிசோட்ல நான் பெருமைப்படுற விஷயம் எதையும் பேசப் போறதில்ல. நான் சொதப்பின ஒரு வேலையைப் பத்திப் பேசப் போறேன்.

சென்னையில எங்க வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு தோட்டம் இருக்கு. ரெண்டு கோடைக்கு முன்னாடி, பாட்டி சேறு மிதிக்காம மல்லிச்செடிக்குத் தண்ணி ஊத்தட்டும்னு 10 அடிக்கு 8 அடியில ஒரு மர மேடை போட்டேன். நீங்க டெக்னு சொல்ற அதேதான். பலகைகளை இடைவெளியே இல்லாம நெருக்கி அடிச்சேன். பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. ஐப்பசி மழை வந்துச்சு, பலகை ஊதிருச்சு. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நான் வச்ச கட்டை. நகர இடமில்லாம ஒரு பலகை முனை மேல எழும்பிருச்சு. அதுல பாட்டி தடுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிஞ்சுது. கை சரியான பிறகும் பாட்டி அந்தப் பக்கம் போகவே இல்ல. "நான் இங்கயே உட்கார்ந்துக்கிறேன்டா" அப்படின்னாங்க.

அதனால முழுசா பிரிச்சுட்டு, தெரிஞ்ச ஒரு ஆசாரி அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு மறுபடி போட்டேன்.

மரம் ஏன் ஊதுது?

மரம் ஈரத்தைக் குடிக்கும், காத்து காய்ஞ்சா விட்டுடும். இதுல முக்கியமான விஷயம், நீளவாட்டில் மரம் கிட்டத்தட்ட அசையாது. அகலவாட்டில்தான் விரியும், சுருங்கும். ஒரு பலகை வெறும் 1 மில்லிமீட்டர் விரிஞ்சாலே, 20 பலகைக்கு 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இன்ச் ஆகிடும். அந்த முக்கால் இன்ச்சுக்கு நாம இடம் விடலைன்னா, அது மேல்பக்கமா இடம் தேடும்.

நல்லா காய்ஞ்ச மரத்துக்கு ரெண்டு நூல் இடைவெளி விடலாம். மரவேலைக் கணக்குல ஒரு நூல்னா ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு, சுமார் 3 மில்லிமீட்டர். ஈர மரமா இருந்தா அது பின்னாடி சுருங்கும், அதனால இடைவெளியைக் குறைச்சு விடணும். எல்லா இடத்துலயும் ஒரே அளவு வர, ரெண்டு நூல் கனத்துல சின்னச் சின்ன ஆப்பு வெட்டி பலகைக்கு நடுவுல செருகிட்டு, ஸ்க்ரூ அடிச்ச பிறகு உருவிடுங்க.

முதல்ல பேப்பர், அப்புறம் ரம்பம்

என் பலகை அகலம் நாலரை இன்ச். மேடையோட அகலம் 8 அடி, அதாவது 96 இன்ச். 20 பலகை போட்டா 90 இன்ச். நடுவுல 19 இடைவெளி, நாலேமுக்கால் இன்ச். மொத்தம் 94¾. மீதி ஒண்ணேகால் இன்ச். இந்தக் கணக்கைப் போடாம ஆரம்பிச்சிருந்தா, கடைசியில விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வச்சிருப்பேன். அது அசிங்கமாவும் இருக்கும், சீக்கிரம் பிளந்தும் போகும். அதனால ஃப்ரேமையே 94¾ இன்ச்சுக்குக் குறைச்சுட்டேன். ஃப்ரேமோட ரெண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா இருக்கான்னு டேப் பிடிச்சுப் பாருங்க. இல்லன்னா அது சதுரம் தப்பிடுச்சுன்னு அர்த்தம்.

10 அடி நீளப் பலகை விலை அதிகம். அதனால 6 அடி, 4 அடி துண்டுகளா வாங்கினேன். ஒரு வரிசையில 6 முதல்ல, அடுத்த வரிசையில 4 முதல்ல. இப்படி மாத்தி மாத்திப் போட்டா இணைப்பு ஒரே கோட்டுல வராது. அடிச்சட்டங்களை ஒரு அடிக்கு ஒண்ணுன்னு வச்சதால, இணைப்பு எல்லாமே 4-வது அடியிலயும் 6-வது அடியிலயும் சட்டத்து மேலயே விழும். அந்த ரெண்டு இடத்துல மட்டும் ரெட்டைச் சட்டம் வச்சேன். ஒத்தைச் சட்டத்துல ரெண்டு பலகை முனையும் உட்கார்ந்தா, ஸ்க்ரூ ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்து மரம் பிளக்கும். சட்டம் எதுவும் மண்ணைத் தொடாம கல்லு மேல நிக்கட்டும், கரையானுக்கு அது முதல் தடுப்பு.

வெட்டுறதுல மூணு விஷயம்

ஒண்ணு: ரம்பப் பல்லுக்கும் கனம் இருக்கு, கிட்டத்தட்ட ஒரு நூல். கோட்டு மேலயே வெட்டினா பலகை குறைஞ்சு போகும். கோட்டுக்கு வெளியே, கழிவு பக்கமா வெட்டணும்.

ரெண்டு: இணைப்பு வர்ற முனையை மட்டும் மூலைமட்டம் வச்சுச் சரியா வெட்டுங்க. வெளி முனையை ஒவ்வொண்ணா அளந்து வெட்டாதீங்க, ஓரம் பல்லு பல்லா நிக்கும். நான் துண்டுகளை ரெண்டு இன்ச் கூடுதலா வாங்கி, வெளியே நீட்டிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன். எல்லாம் அடிச்சு முடிச்சதும் சாக்பொடி நூல் அடிச்சு, ஒரு நேர்க்கட்டையைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே மெஷினை ஓட்டினேன். ஓரம் ஒரே கோடா வந்துச்சு. கை மெஷினோட வட்ட பிளேடு கீழேருந்து மேல வெட்டும், அதனால மேல்பக்கம் சிலும்பு எழும்பும். கோட்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டினா குறையும்.

மூணு: பாதுகாப்பு. வெட்டுற துண்டு சுதந்திரமா கீழே விழணும். ரெண்டு பக்கமும் தாங்கி நடுவுல வெட்டினா, பலகை தொய்ஞ்சு பிளேடைக் கவ்வும், மெஷின் உங்க மேலயே எகிறும். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். தொங்குற ஷால், தளர்ந்த சட்டைக்கை வேண்டாம்.

முனையை மறக்காதீங்க

வெட்டின முனைதான் மரத்தோட வாய். அங்கதான் தண்ணி வேகமா ஏறும். வெட்டின அன்னைக்கே முனைக்கு எண்ணெயோ சீலரோ ரெண்டு கோட் அடிங்க. ஸ்க்ரூவுக்கு முன்னாடி டிரில்ல துளை போடுங்க. ஒரு இன்ச் பலகைக்கு ரெண்டரை இன்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, ஒவ்வொரு சட்டத்துலயும் ரெண்டு. 304 கிரேடு போதும். கடற்கரைப் பக்கம்னா 316. சாதா இரும்பு துருப்பிடிச்சு, அப்புறம் கழட்டவே முடியாது.

நாலஞ்சு பலகைக்கு ஒரு தடவை, மீதி இருக்குற தூரத்தை ரெண்டு முனையிலயும் அளங்க. வித்தியாசம் வந்தா, அடுத்த மூணு நாலு இடைவெளியில கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிடலாம். கடைசிப் பலகையில கண்டுபிடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த மேடை போன மழையைப் பார்த்துடுச்சு. ரெண்டு நூல் இடைவெளி ஒரு நூலாச்சு, அவ்வளவுதான். மழை விட்ட மறுநாள் காலையில பாட்டி கதவுகிட்ட நின்னு, கைத்தடியால முதல் பலகையை ரெண்டு தடவை தட்டிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா இறங்கி மல்லிச்செடி வரைக்கும் போனாங்க. நான் பின்னாடியே போனேன். "நீ எதுக்குடா வர்ற, தண்ணிக்குடத்தை எடுத்துட்டு வா"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பேசுவோம். உங்க வீட்டுல பலகை எழும்பி நின்னா, இன்னைக்கே போய்ப் பாருங்க.