அத்திரம்பாக்கத்துக் கற்களும் ஒரு சூடான காலமும்

பனியுகங்களுக்கு நடுவுல உலகம் சூடா இருந்த காலங்களும் உண்டு. அப்போ நம்ம பக்கம் மனுஷங்க இருந்தாங்களா? இதுக்குப் பதில் தேட காஞ்சிபுரத்திலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். வடக்கே கொசஸ்தலை ஆத்துப் படுகையில அத்திரம்பாக்கம் இருக்கு. இப்போ அது திருவள்ளூர் மாவட்டம். 1997-க்கு முன்னாடி அவங்களும் நாமளும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான்.

1863 மே மாசம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துல ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே செப்டம்பர்ல வில்லியம் கிங்கோட அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். 1999-லிருந்து சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்க அகழாய்வு செஞ்சாங்க. அடி அடுக்குல கிடைச்ச கைக்கோடரிகளுக்கு வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள். மூணு விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைச்சிருக்கு. பற்கள்ல ஒண்ணு எருமை அல்லது மாட்டினம், ஒண்ணு குதிரையினம், இன்னொண்ணு நீலான் அல்லது ஆட்டினம். அதாவது ஈரமான, திறந்த புல்வெளி. ஆனா இவையெல்லாம் கைக்கோடரிக் காலத்தவை. நாம பேசப்போற சூடான காலம் அதுக்கு ரொம்பப் பின்னாடி.

சுமார் 4,24,000 ஆண்டுகளுக்கு முன்னாடி தொடங்கி 3,74,000 வரைக்கும் நீண்ட அந்தக் காலத்தை எம்.ஐ.எஸ். 11னு சொல்வாங்க. கடல் மட்டம் இன்னைக்கு விட 6 முதல் 13 மீட்டர் உயரமா இருந்ததுன்னு கணிப்பு. மெரினாவே தண்ணிக்குள்ள! சூடான காலங்கள்ல தென்மேற்குப் பருவமழை பொதுவா வலுவா இருக்கும். நமக்கு ஐப்பசி மழைதான் முக்கியம்ங்கிறதால அதை அப்படியே இங்க பொருத்திடக் கூடாது.

2018-ல் நேச்சர் இதழ்ல வந்த அவங்க கட்டுரைதான் பெரிய செய்தி. மேல் அடுக்குகள்ல கைக்கோடரி குறையுது, சின்னச் சின்ன சில்லுக் கருவிகள் கூடுது. லெவலுவா முறையும் வருது: கல்லை முதல்ல ஒரு வடிவத்துக்குச் செதுக்கி வெச்சுட்டு, அப்புறம் ஒரே அடியில வேணுங்கிற சில்லை எடுக்கிறது. பாவு பூட்டாம தறியில உட்கார முடியாது இல்லையா, அதே மாதிரி முன்கூட்டித் திட்டம் போடற வேலை.

இந்த மாற்றம் தொடங்கின காலம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னாடி. உடனே "சூடான காலத்துல பிறந்த புது உத்தி"ன்னு எழுதத் தோணும். எனக்கு அது பிடிக்கல. காரணம் அந்த எண்ணோட வால்ல இருக்கிற ± 64,000. புதைஞ்ச மணல்ல இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் துகள், கடைசியா வெயில் பட்டதிலிருந்து பேட்டரி மாதிரி சார்ஜ் சேர்த்துக்கும். அதை அளந்துதான் வயசு சொல்றாங்க. பிழை எல்லையும் கூடவே வரும். கூட்டிக் கழிச்சா 4,49,000 முதல் 3,21,000 வரை. அதுக்குள்ள சூடான காலம் முழுசா அடங்குது. அதுக்கு முன்னாடி இருந்த குளிரோட கடைசி, பின்னாடி வந்த குளிர்காலம், அடுத்த வெப்பத்தோட தொடக்கம் எல்லாமும் அடங்குது.

ஆனா இன்னொரு விஷயத்துக்கு இந்தப் பிழை எல்லை தடையில்ல. இந்த உத்தி இந்தியாவுக்கு சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னாடி, நவீன மனிதர்களோடதான் வந்ததுன்னு பலர் நெனச்சாங்க. எப்படிக் கழிச்சாலும் அத்திரம்பாக்கம் அதைவிட ரொம்பப் பழசு. மொராக்கோவோட ஜெபல் இர்ஹூத்ல கிடைச்ச, ஹோமோ சேப்பியன்ஸ்னு கருதப்படற எலும்புகளுக்கே வயசு சுமார் 3,15,000தான். அத்திரம்பாக்கத்துல மனித எலும்பு எதுவும் கிடைக்கல. கல் மட்டும்தான் இருக்கு.