கால் விரலைத் தொடவே வேண்டாம்: யோகாவுல 'சுகம்'னா என்ன?

"யோகா ஆரம்பிக்கணும் ப்ரோ, ஆனா குனிஞ்சா கை முழங்காலைத் தாண்ட மாட்டேங்குது. முதல்ல உடம்பு கொஞ்சம் வளையட்டும், அப்புறம் பார்க்கலாம்." இந்த மாதிரி மெசேஜ் வாராவாரம் வருது. நீச்சல் கத்துக்கிட்டுத்தான் தண்ணியில இறங்குவேன்னு சொல்ற கதைதான் இது.

ரீல்ஸ்ல பார்க்கிற ஆளுங்க பாதிப் பேர் ஜிம்னாஸ்ட் மாதிரி வளையறாங்க. அதனால வர்ற பயம் இது. ஆனா பதஞ்சலியோட யோக சூத்திரத்துல இருக்கிற சுமார் 195 சூத்திரங்கள்ல, ஆசனத்தைப் பத்தி நேரடியாப் பேசறது மூணே மூணுதான். ஒரு ஆசனத்தோட பேர்கூட அதுல கிடையாது. அவர் கேட்கிறது ரெண்டு விஷயம்: அசையாம நிலையா இருக்கணும், சுகமா இருக்கணும். அவர் பேசறது தியானத்துக்கு உட்கார்ற நிலையைப் பத்திங்கறது உண்மைதான். ஆனாலும் சுகம்ங்கறது அங்க போனஸ் இல்ல, ஸ்பெக்லயே இருக்கு.

சரி, குனியும்போது என்ன நடக்குது? தொடையோட பின்பக்கத் தசைக்கு ஹாம்ஸ்ட்ரிங்னு பேர். அதோட மேல்முனை நாம உட்கார்ற எலும்புல ஒட்டியிருக்கு. கீழ்முனை முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புல ஒட்டியிருக்கு. ரெண்டு மூட்டைத் தாண்டற ஒரே கயிறுன்னு வச்சுக்கோங்க. அது இறுக்கமா இருக்கிறவங்க காலை நேரா நீட்டிக் குனிஞ்சா, இடுப்பெலும்பை அது பின்னாடி பிடிச்சு வச்சுக்கும். இடுப்பு சாயாததால மிச்ச வளைவு முழுக்கக் கீழ்முதுகு தலையில விழும். காலையிலிருந்து லேப்டாப் முன்னாடி வளைஞ்சு கிடந்த அதே கீழ்முதுகு!

என் டீம்ல ஒருத்தர் ஆன்லைன்ல ஏதோ 30 நாள் சேலஞ்சுல சேர்ந்தார். அஞ்சாவது நாள் முதுகைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் வந்தார். "நமக்கு செட் ஆகாது"ன்னு அதோட விட்டுட்டார். வலி ஒரு வாரத்துல போயிடுச்சு, அந்த முடிவுதான் போகவே இல்ல. முழங்காலை மடக்கிக்கிட்டுக் குனியச் சொல்ல அங்க யாரும் இல்ல. மடக்கினா கயிறு தளரும், இடுப்பு முன்னாடி சாயும், முதுகு தப்பிக்கும். சம்மணம் போட்டா கூன் விழுதா? போர்வையை நாலா மடிச்சு அது மேல உட்காருங்க. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தா முதுகு தானா நிமிரும்.

இதெல்லாம் சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. கிருஷ்ணமாச்சார்யா 1930கள்ல மைசூர் அரண்மனையில பசங்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தவர். பின்னாடி சென்னைக்கு வந்தப்புறம், வர்ற ஆளோட உடம்பைப் பார்த்துத் தனித்தனியா சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் இன்ஜினியரிங் படிச்சவர் (நம்ம ஆளு!). 1976ல சென்னையில கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினவர் அவர்தான். ஆளுக்கு ஏத்த மாதிரி ஆசனத்தை மாத்தணும், ஆசனத்துக்காக ஆளை வளைக்கக் கூடாதுங்கறதுதான் அவரோட வழி. கிருஷ்ணமாச்சார்யாவோட இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார், பெல்ட், மரக்கட்டை, நாற்காலின்னு எதை வேணும்னாலும் துணைக்கு வச்சுக்கிட்டார்.

ஆசனம் பண்ண இடமே இல்லைன்னா மூச்சு இருக்கு. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசா வேகமாகும், விடும்போது குறையும். அதனாலதான் மெதுவா, நீளமா மூச்சு விட்டா உடம்பு அடங்குது. திருமூலர் திருமந்திரத்துல இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32ன்னு கணக்கு வச்சிருக்கார். விடறது இழுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு! அடக்கற 64ஐ வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, அதுக்கு குரு வேணும். மீட்டிங்குக்கு முன்னாடி மூணு எண்ணிக்கை இழுத்து, ஆறு எண்ணிக்கை விடுங்க. பத்து தடவை போதும், கேமரா ஆஃப்ல இருந்தா யாருக்கும் தெரியாது.

நீட்டும்போது தசை இழுக்கிற உணர்வு வரலாம். குத்தற வலி, மரத்துப்போறது, காலுக்குள்ள மின்சாரம் மாதிரி இறங்கற வலி இதெல்லாம் வந்தா நிறுத்திடுங்க. அப்படி வந்தா பார்க்க வேண்டியது டாக்டரை, யூடியூபை இல்ல.