பென்டிரைவ் பையா, பீரோவா?

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து மதிப்பெண் பட்டியல் கேட்கப்படும் வாரங்களில் எங்கள் கணினிப் பழுதுநீக்கும் கடைக்கு ஆசிரியர்கள் அதிகம் வருவார்கள். பெரும்பாலோர் கையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "தம்பி, ஃபோல்டர் எல்லாம் இருக்கு, ஆனா ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. கொஞ்சம் பாருங்க."

சென்ற ஆண்டு ஓர் அறிவியல் ஆசிரியை வந்தார். ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பாடப் படங்கள், வினாத்தாள்கள், மாணவர்கள் செய்த செயல்திட்டங்களின் ஒளிப்படங்கள் எல்லாம் ஒரே பென்டிரைவில் இருந்தன. ஷார்ட்கட் வந்ததும் யாரோ "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஃபார்மட் செய்து, அதில் புதிய கோப்புகளையும் ஏற்றிவிட்டு, அதன் பிறகு என்னிடம் வந்தார். ஃபார்மட் செய்வதற்கு முன் வந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஏனென்றால், அந்த நேரம் வரை அவருடைய கோப்பு ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை.

இந்த வைரஸ் செய்வது எளிய தந்திரம். பென்டிரைவில் உள்ள கோப்புறைகளுக்கு 'மறைக்கப்பட்டது', 'கணினி அமைப்புக்கு உரியது' என்று இரண்டு அடையாளங்களை இட்டுவிடும். அவை நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதே பெயர்களில் ஷார்ட்கட்களை உருவாக்கி அந்த இடத்தில் வைக்கும். 'பத்தாம் வகுப்பு' என்ற ஷார்ட்கட்டை நாம் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான கோப்புறையும் திறக்கும். கோப்புறை திறந்துவிடுவதால் பலருக்கு மாதக்கணக்கில் சந்தேகமே வருவதில்லை. வைரஸ் பென்டிரைவிலிருந்து கணினிக்குள் குடியேறி, அடுத்து அந்தக் கணினியில் செருகப்படும் ஒவ்வொரு பென்டிரைவிலும் இதையே செய்யும். ஆகவே பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. அதே கணினியில் மறுபடி செருகினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானாகவே ஓடும் 'ஆட்டோரன்' வசதி விண்டோஸில் இருந்தது. வைரஸ்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டதால், 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய பதிப்புகளிலும் பென்டிரைவுக்கு அதை நிறுத்தியது. அதன் பிறகு இவ்வகை வைரஸ்களுக்கு ஒரு மனித விரல் தேவைப்பட்டது. ஷார்ட்கட் அந்த விரலை வரவழைக்கும் தூண்டில்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஷார்ட்கட்டைச் சொடுக்காதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். வைரஸ் இல்லாத ஒரு கணினியில் பென்டிரைவைச் செருகி, விண்டோஸில் உள்ள டிஃபெண்டரால் சோதியுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது உடன் வருவது, தனியாக வாங்க வேண்டியதில்லை. பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'ஆப்ஷன்ஸ்' சென்று 'வியூ' பகுதியில் இரண்டு இடங்களை மாற்ற வேண்டும். மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை என்பதில் உள்ள டிக் குறியை நீக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று வருபவர்கள் உண்டு. வைரஸ் இரண்டு அடையாளங்களை இட்டிருப்பதால் இரண்டையும் மாற்றினால்தான் கோப்புறைகள் மங்கலான நிறத்தில் தோன்றும். அவற்றுக்குள் இருக்கும் உங்கள் கோப்புகளைக் கணினியில் ஒரு புதிய கோப்புறைக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட்டையும், நீங்கள் உருவாக்காத பெயர் கொண்ட எதையும் எடுக்காதீர்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யலாம். கடைசியில் அந்த டிக் குறியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையிலிருந்து என்பேன். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் பென்டிரைவ் அந்த ஒரு கணினியில் ஏறி இறங்குகிறது. அச்சடிக்கப் போகும்போது அதற்கென்று தனியாக ஒரு பழைய பென்டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட வேண்டிய பி.டி.எஃப். மட்டும் அதில் இருக்கட்டும். கேமராவில் போடும் எஸ்.டி. கார்டு இருந்தால் இன்னும் நல்லது. அதன் ஓரத்தில் சிறிய பூட்டு ஒன்று உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால், பெரும்பாலான கார்டு ரீடர்களில் எதுவும் எழுத முடியாது.

இன்னொன்று, இது வைரஸைவிட ஆசிரியர்களுக்கு முக்கியமானது. அச்சடிக்கும்போது வினாத்தாளைக் கடைக்கணினியின் டெஸ்க்டாப்பில் நகலெடுத்துத்தான் பெரும்பாலும் திறப்பார்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் டவுன்லோட் கோப்புறையில் தங்கிவிடும். நீங்கள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள், வினாத்தாள் அங்கேயே இருக்கும். அடுத்து வருபவர் உங்கள் மாணவராகவும் இருக்கலாம். நகலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் மின்னஞ்சலை அங்கே திறந்திருந்தால் வெளியேறவும் மறக்காதீர்கள்.

அடுத்தது, இப்போது கடையில் தினமும் கேட்கப்படும் கேள்வி. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தன. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினி நின்றுவிடாது, நேற்றுப்போலவே ஓடும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது.

அதனால் என்ன என்பவர்களுக்கு 2017ஐ நினைவூட்டுவேன். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை அந்த ஆண்டு மார்ச் 14இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மே 12இல் அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே தயாராக இருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 11க்கு மாற, கணினியில் 4 ஜி.பி. ரேம் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இல்லாத கணினியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸைப் போடலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் வழியாகப் பலருக்கும் அறிமுகமானதுதான். தட்டச்சு, அட்டவணை, இணையம் ஆகிய வேலைகளுக்கு அதுவும் லிப்ரே ஆஃபீஸும் தாராளம்.

எங்கள் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ஐந்நூறு ரூபாயில் விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று உரிமம் இல்லாத பதிப்பை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். உரிமப் பூட்டை உடைக்கும் நிரல் ஓடுவதற்காக முதலில் டிஃபெண்டரை அணைப்பார்கள், திரும்பப் போடுவதும் இல்லை. எங்களிடம் கணினியைத் திரும்ப வாங்கும்போது வைரஸ் தடுப்பு இயங்குகிறதா என்று எங்கள் முன்னாலேயே பாருங்கள்.

கைப்பேசிக்கு ஒரு வரி போதும்: திருமண அழைப்பிதழ், வங்கி அறிவிப்பு என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால், அனுப்பியவர் உறவினரே ஆனாலும் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மீண்டும் பென்டிரைவுக்கு வருகிறேன். அது பையைப் போன்றது, எடுத்துச் செல்ல உதவும். பீரோவைப் போல ஆண்டுக்கணக்கில் வைத்துப் பாதுகாக்க உதவாது. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. மூன்றாவதற்கு கூகுள் டிரைவ் போதும். ஹார்டு டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால், கணினிக்கு வரும் நோய் அதற்கும் வரும்.

அந்த ஆசிரியையின் பென்டிரைவிலிருந்து மீட்பு மென்பொருள் கொண்டு ஆயிரத்துச் சொச்சம் படங்களை எடுத்துக் கொடுத்தேன். மீட்டெடுத்தவற்றில் பழைய பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தாம். வினாத்தாள்களில் பாதி திறக்கவே இல்லை. வகுப்பு முடிந்த பிறகு தினமும் கொஞ்சம் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகத் திறந்து, எந்த மாணவரின் செயல்திட்டம் என்று பெயரிட்டு வருகிறார். போன மாதம் வந்தபோது இன்னும் முந்நூறு பாக்கி என்றார்.