ஆடுகளமும் உடம்பும் – 9: வீக்கம் வடிந்தால் போதுமா?

தை பிறந்தால் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. போட்டிகள் முடிந்த கையோடு, முட்டியில் துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி வருகிற பையன்களையும் பார்க்கலாம். “ஜவ்வு கிழிஞ்சிருச்சாம்” என்று கூட வந்தவர் சொல்வார். இந்த வாரம் அந்தக் காயத்தைப் பார்ப்போம்.

முழங்கால் மூட்டுக்குள் இரண்டு நார்கள் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. அவற்றில் முன்னால் இருப்பதை டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். நீளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான். கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், காலை ஊன்றித் திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது இந்த நார்.

கபடியில் இது எப்படி அறுகிறது? ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறார். அந்த நொடியில் கார்னரில் நிற்பவர் பாய்ந்து, ஊன்றிய காலின் கணுக்காலைப் பிடித்துவிடுகிறார். பாதம் தரையோடு நின்றுவிட்டது, இடுப்போ திரும்பிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி உள்பக்கமாக மடிகிறது. ‘டப்’ என்று உள்ளே ஒரு சத்தம். பலரும் அதைத் தெளிவாகக் கேட்டதாகச் சொல்வார்கள்.

கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே இது நடக்கிறது. குதித்து இறங்கும்போது, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போது அறுந்துவிடும். ஆட்டங்களின் வீடியோக்களை அலசிய நார்வே ஆய்வாளர்கள், பாதம் தரையில் பட்டதிலிருந்து சுமார் 40 மில்லி செகண்டுக்குள் நார் அறுவதாகக் கணித்தார்கள். ஒரு நொடியை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் யோசித்துக் காலைத் திருத்திவைக்க யாராலும் முடியாது. எப்படி இறங்குவது என்பது உடம்பில் முன்பே ஊறியிருக்க வேண்டும்.

அறுந்த சில மணி நேரத்தில் முட்டி பலூனாக வீங்கும். எக்ஸ்-ரே எடுத்தால் எலும்பு நன்றாகவே தெரியும். நார் அதில் தெரியாது. “எலும்பு முறியலை, சுளுக்குதான்” என்று முடிவாகி, எண்ணெய் போட்டு நீவி, கட்டும் கட்டிவிடுவார்கள். புதிதாக வீங்கிய முட்டியை நீவவே கூடாது. முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே அனுபவமுள்ள எலும்பு டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். எம்.ஆர்.ஐ. அதை உறுதிப்படுத்தும்.

மூன்று, நான்கு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். எனக்குப் பயம் வருவது இந்தக் கட்டத்தில்தான். “சார், இப்ப நல்லா நடக்குறேன், ஓடக்கூட செய்றேன். ஞாயித்துக்கிழமை ஆடலாம்ல?” பையன் பொய் சொல்லவில்லை. நேராக நடக்கவும் ஓடவும் இந்த நார் பெரிதாகத் தேவைப்படாது. திரும்பும்போதுதான் தேவை. ஞாயிற்றுக்கிழமை முதல் ரெய்டிலேயே முட்டி நழுவும். இந்த முறை உள்ளே இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு வளையமும் சேர்ந்து கிழியும். அது போனால் முப்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானத்துக்கு வழி திறந்துவிடும்.

அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்த ஆய்வில், முதலில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் பாதிப் பேர் வரை ஆபரேஷன் இல்லாமலேயே சமாளித்தார்கள். ஆனால் கபடி போல வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாண் ஒன்றை எடுத்து உள்ளே பொருத்துவார்கள்.

பொருத்திய நாண் அன்றைக்கே நாராகிவிடாது. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் வளர வேண்டும். இழைகள் கரைந்து மறுபடி உருவாக வேண்டும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் அது மிகவும் பலவீனமாக இருக்கும். பையனுக்கு வலி போய் உற்சாகம் திரும்புவதும் அதே மாதங்களில்தான்!

மறுவாழ்வுப் பயிற்சி மிகச் சின்ன வேலையில் தொடங்குகிறது. படுக்கையில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டிவைத்து, அதைக் கீழே அழுத்த வேண்டும். பத்து எண்ணும்வரை. அவ்வளவுதான். ஆனால் தொடையின் முன்தசை கேட்காது. மூட்டில் நீர் கோத்திருந்தால் மூளையே அந்தத் தசையை அடக்கிவைக்கும். மாநில அளவில் ஆடிய இளைஞன் பற்களைக் கடித்துக்கொண்டு முயல்வான், முட்டிச்சில்லு அசையாது. இஞ்ச் டேப் வைத்து இரண்டு தொடைகளையும் அளந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். முதலில் முட்டி முழுசாக நீள வேண்டும், பிறகு தசை, பிறகு ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, ஓட்டம், குதி, கடைசியில்தான் வெட்டித் திரும்புவது. இந்த வரிசையை அவசரப்படுத்த முடியாது. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியாவது பணம் புரட்டும் குடும்பங்கள், பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வரும் செலவில் தளர்ந்துபோகின்றன. பரிசுத்தொகையைப் போஸ்டரில் கொட்டை எழுத்தில் போடும் போட்டிக் கமிட்டிகள் இந்தச் செலவுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கினால் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

மறுபடி எப்போது ஆடலாம்? ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2016இல் வெளியான நார்வே - அமெரிக்க ஆய்வு காட்டியது. மாதக்கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலிமை மற்ற காலில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே. இறங்கும்போது முட்டி உள்ளே மடிகிறதா என்பதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றார். முட்டி போனால் ஆட்டமே போனது என்று அழுகிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

காயமே வராமல் தடுக்க முடியுமா? பெருமளவு முடியும். ஸ்வீடனில் கால்பந்து ஆடும் 12 முதல் 17 வயது வரையான சிறுமிகள் 4,500க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. வாரம் இருமுறை, 15 நிமிடம் முழங்கால் பயிற்சி செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அவரைப் பார்த்துக் களமிறங்கும் சிறுமிகளுக்கு முதல் நாளிலிருந்தே இந்தப் பயிற்சியைச் சொல்லித்தர வேண்டும்.

கருவி எதுவும் வேண்டாம். ஒற்றைக்காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, முட்டி கால்விரலுக்கு நேராகவே இருக்கும்படி. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. பலகை போல உடம்பை நிறுத்தும் பிளாங்க். குதித்து, சத்தமில்லாமல் முட்டியை மடக்கி இறங்குவது. ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மண்டியிட்டவர் முன்பக்கமாக மெல்லச் சாய்வது. மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண்ணில் வெறுங்கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். விரிப்பில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும்.

மாஸ்டர்களிடம் கேட்பது இதுதான்: பயிற்சி ஐந்தரைக்கு என்றால், வாரம் இரண்டு நாளாவது பிள்ளைகளை ஐந்தேகாலுக்கு வரச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: கணுக்கால்)