கல்வித் தகுதிகாண் நிலை

கல்வித் தகுதிகாண் நிலை என்பது ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பில் பின்தங்கும் மாணவருக்கு விடுக்கப்படும் முறையான எச்சரிக்கை ஆகும். பெரும்பாலும் இளநிலை மாணவரின் தரப்புள்ளிச் சராசரி, 4.0 என்னும் அளவீட்டில் 2.0 இலும் குறையும்போது இது விதிக்கப்படுகிறது. இந்நிலையில் உள்ளவர் படிப்பைத் தொடரலாம். எனினும் குறித்த காலத்துக்குள் சராசரியை உயர்த்தாவிடில் இடைநீக்கம் செய்யப்படலாம்.

கல்வி ஆலோசகரின் வழிகாட்டல், தனிப்பயிற்சி, பாடச்சுமைக் குறைப்பு, தவறிய பாடத்தை மீண்டும் பயிலுதல் ஆகியன வழமையான உதவிகளாகும்.

நடுவண் அரசின் நிதியுதவிக்கான விதிகள் வேறானவை. சராசரியுடன், படிப்பை அதன் வழமையான அளவின் 150 விழுக்காட்டுக்குள் முடிக்கக்கூடிய வேகமும் தேவை. எனவே, சராசரியைக் காக்கப் பாடங்களை இடையில் கைவிடுபவர் நிதியுதவியை இழக்க நேரிடலாம். நோய், உறவினர் இறப்பு முதலிய காரணங்களுக்காக மேல்முறையீட்டைக் கல்லூரிகள் அனுமதிக்கலாம்.