வால்வெள்ளி கடந்த நாளும் மங்கள்யானின் பாதையும்

2014 அக்டோபர் 19 அன்று சைடிங் ஸ்பிரிங் என்னும் வால்வெள்ளி, செவ்வாய்க் கோளுக்கு ஏறத்தாழ 140,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. நமக்கும் நிலவுக்கும் உள்ள இடைவெளியில் பாதிகூட இல்லை. அதன் தூசி நொடிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வது. மணலளவு துகளும் விண்கலத்தைச் சிதைக்கவல்லது. செவ்வாயை அடைந்து நான்கு வாரமும் நிறையாத இந்தியாவின் மங்கள்யான், அவ்வேளையில் கோளின் மறைவில் இருக்குமாறு பாதை திருத்தப்பெற்றது. கோளையே கேடயமாக்க வேண்டுமெனில், கலம் எந்த நேரத்தில் எங்கிருக்கும் என்பது தெளிவாகத் தெரிதல் வேண்டும். தொலைநோக்கிக்கும் எட்டாத அச்சிறு கலத்தின் இருப்பிடத்தை வானொலி அலையே உரைத்தது.

பெங்களூருக்கு அருகேயுள்ள பைலாலுவில் 32 மீட்டர் அகல அலைவாங்கி உள்ளது. அங்கிருந்து சென்ற அலை கலத்தைத் தொட்டு மீளும் நேரம், தொலைவைத் தரும். கலம் செவ்வாயை அடைந்த நாளில், ஒருவழிப் பயணத்துக்கே ஏறத்தாழ பன்னிரண்டரை நிமிடம் ஆயிற்று.

வேகத்தை அறியும் முறை நமக்குப் பழக்கமானதே. நிலையத்தில் நிற்காமல் விரையும் இரயிலின் ஊதல், நெருங்குகையில் உயர்ந்தும் விலகுகையில் தாழ்ந்தும் கேட்கும். வானொலி அலையின் அதிர்வெண்ணும் அவ்வாறே மாறும். இதுவே டாப்ளர் விளைவு. ஆயினும், கலம் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை மட்டுமே அது காட்டும். பக்கவாட்டு நகர்வைக் காட்டாது. ஆகவே பல மணிநேரம் தொடர்ந்து அளந்து, புவியின் சுழற்சியால் நேரும் மாற்றத்தைக் கழித்து, செவ்வாயின் ஈர்ப்பு விதிக்கும் எந்தச் சுற்றுப்பாதை அவ்வளவுகளோடு இசைகிறது என்று தேடுகின்றனர். வெவ்வேறு கண்டங்களிலுள்ள இரு அலைவாங்கிகளுக்கு அலை வந்துசேரும் நேர வேறுபாடு, திசையை உணர்த்தும். இதற்கு நாசாவின் நிலையங்கள் துணைநின்றன.

இதனைப் 'பாதைக் கணிப்பு' என எழுதுவதில் நமக்கு உடன்பாடில்லை. கணிப்பு என்பது இன்றைய வழக்கில் வருவதுரைத்தலையும் குறிக்கும். அளந்தவற்றைக் கொண்டு பாதையைத் தெளிவது 'பாதை அறிதல்'. அதிலிருந்து நாளைய இடத்தைச் சொல்வது 'முன்கணிப்பு'. பிழை பெருகுவது பின்னதில்தான். வேகத்தில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், நேர்கோட்டுப் பயணத்திலேயே ஒரு நாளில் 86 மீட்டர் விலகும். சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தமும் கலத்தைத் தள்ளும். இரண்டையும் ஒரே சொல்லால் கற்கும் மாணவருக்கு, அறிந்த பாதையை ஏன் மீண்டும் மீண்டும் அளக்கின்றனர் என்னும் வினாவே எழாது.

வால்வெள்ளியிடமோ மறுமொழி தரும் கருவியில்லை. அதன் பாதையை ஒளிப்படங்களிலிருந்தே அறிந்தனர். இருவகைப் பாதைகளையும் ஒரே காலக்கோட்டில் பொருத்தியபின்தான் மறைவிடம் உறுதியாயிற்று. மங்கள்யான் ஊறின்றித் தப்பி, 2022 வரை தொடர்பில் இருந்தது.